பதினோராவது ஓடு

"இது சூடே ஆகலை" என்றார் நிபுணர்.

உலையின் வாயை அடைத்துக்கொண்டு ஓர் ஓடு நின்றது. ஒரு சாண் அகலம், ஒரு சாண் உயரம். அதன் முதுகில் நானூற்று எண்பது டிகிரிச் சூடு. முகம் எங்களைப் பார்த்திருந்தது. நிபுணர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்த வெப்பக் கேமராவின் திரையில் அந்த முகம் நல்ல நீலமாகத் தெரிந்தது. நீலம் என்றால் குளிர்ச்சி.

அறையில் நான்கு பேர். பல்கலைக்கழகம் அனுப்பிய நிபுணர், பேராசிரியை வளர்மதி, உதவியாளர் மாயாண்டி, நான். வெளிச்சம் வராமல் ஜன்னல்களை அடைத்திருந்தோம். காற்றடித்தால் அளவு கெடும் என்று மின்விசிறியையும் நிறுத்தியிருந்தோம். நான்கு பேரும் வேர்வையில் ஊறிக்கொண்டிருந்தோம். சூடே ஆகாத ஓட்டுக்கு முன்னால் நிற்கிறவருக்கு அவ்வளவு வேர்வை எங்கிருந்து வந்தது என்று நிபுணர் யோசிக்கவில்லை.

"சூடாகித்தான் சார் இருக்கு. அந்தச் சூடு வெளிய தெரியக் கூடாதுன்னுதான் இந்தப் பூச்சே" என்றார் வளர்மதி.

"தெரியாம இருக்கா, இல்லாமலே இருக்கான்னு நான் எப்படி எழுதறது?"

நியாயமான கேள்வி. எங்கள் வேலையின் லட்சணமே அதுதான். அது முழு வெற்றி பெற்றாலும் திரை நீலமாக இருக்கும். நாங்கள் எட்டு வருடமும் கேன்டீனில் வடை தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தாலும் திரை நீலமாகத்தான் இருக்கும்.

அந்த எட்டு வருடம் வளர்மதியுடையது. அவருடைய முனைவர் பட்டப் பதிவுக்கு இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. மூன்றாவது கிடையாது என்று பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று வரியில் கடிதம் வந்திருந்தது. நான் எண்ணிப் பார்த்தேன், சரியாக மூன்று வரிதான். நிபுணர் 'திருப்தி' என்று கையெழுத்திட்டால் ஆய்வேடு உள்ளே போகும். இடாவிட்டால் பதிவு ரத்து. நிபுணருக்கு மாலை மதுரையில் ரயில்.

விழுங்கவும் வேண்டும், துப்பவும் கூடாது

அது செல்போன் வைத்திருந்தவர்களைப் பார்க்க ஊரில் கூட்டம் கூடுவது நின்றுபோய், செல்போன் இல்லாதவர்களை அனுதாபத்தோடு பார்க்கத் தொடங்கியிருந்த காலம். அரசுப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்ற என்னை, ஆண்டிபட்டிக்கும் தேனிக்கும் இடையில் புதிதாக எழுந்திருந்த ஒரு பொறியியல் கல்லூரி, ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ள அழைத்தது. ஆய்வகம் மாடியில் இருந்தது. நாற்பத்து நான்கு படிகள். முழங்கால் வலிக்காரனை நாற்பத்து நான்கு படிகளுக்கு மேல் வைத்தது யார் யோசனை என்று இத்தனை வருடம் விசாரித்தும் தெரியவில்லை.

வளர்மதி அங்கே துறைத் தலைவி. நாற்பதைத் தாண்டியவர். ஜெயமங்கலத்தில் நாலு தலைமுறையாக நெல்லும் வாழையும் போடுகிற குடும்பம். அவர் என்ன ஆராய்ச்சி செய்கிறார் என்று அவருடைய சொந்தக்காரர்களுக்கு ஓரளவு தெரியும். ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலைக்காரர் சொன்னார்:

"அம்புட்டுப் படிச்ச பிள்ளை, கடைசியில ஓடு சுடுதாம்ல சார். அதுக்கு இங்கன காளவாசலுக்கே போயிருக்கலாம்."

சுடுவது ஓடுதான். ஆனால் வீட்டுக் கூரைக்கு அல்ல, விமானத்தின் வால் பக்கத்துக்கு. போர் விமானத்தைத் தேடுகிறவர்களிடம் இரண்டு கண்கள் இருக்கின்றன. ஒன்று ரேடார். அது நுண்ணலையை அனுப்பி, பட்டுத் திரும்பி வருவதைப் பார்க்கும். இன்னொன்று வெப்பத்தைப் பார்க்கும் கேமரா. அது எதையும் அனுப்பாது. எஞ்சினின் சூடு தானாக வெளியே வருவதை உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

ரேடாரை ஏமாற்ற, வருகிற அலையை விழுங்கிவிட வேண்டும். வெப்பக் கேமராவை ஏமாற்ற, இருக்கிற சூட்டை வெளியே விடாமல் இருக்க வேண்டும். நன்றாக விழுங்கும் பொருள் நன்றாக வெளியேயும் விடும் என்பது இயற்பியல். கரி பிடித்த பாத்திரம் சூட்டை ஊருக்கெல்லாம் சொல்லும். தேய்த்துப் பளபளவென்று வைத்த பாத்திரம் கையைச் சுடுகிற வரைக்கும் வாயைத் திறக்காது. ஆனால் பளபளப்பான உலோகத்தைப் போர்த்தினால் ரேடார் அலை கண்ணாடியில் பட்ட மாதிரித் திரும்பிவிடும். ஆக ஒரே ஓடு ஒரே நேரத்தில் கரியாகவும் இருக்க வேண்டும், கண்ணாடியாகவும் இருக்க வேண்டும். அதுவும் அடுப்பில் வைத்த சூட்டில்.

பேருந்து வருவது ஒரு கிலோமீட்டருக்கு முன்பே தெரிந்தும் அதைப் பிடிக்க முடியாத ஊரில் இருந்துகொண்டு, விமானத்தை மறைக்கும் வேலையை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

உமியும் விமானமும்

விழுங்கும் பகுதியை உமியிலிருந்து செய்வது என்று வளர்மதி முடிவு செய்திருந்தார். உமியில் மணலின் சத்தும் இருக்கிறது, கரியின் சத்தும் இருக்கிறது. காற்றுப் புகாமல், கொல்லன் உலையும் எட்டாத சூட்டில் வைத்தால் இரண்டும் சேர்ந்து சாணைக்கல்லில் இருக்கிற கடினமான பொருளாக மாறும். அது நுண்ணலையை விழுங்கும். எவ்வளவு சூட்டிலும் உருகாது. சின்னமனூர்ப் பக்கத்தில் இரண்டு போகம் விளைகிறது. உமிக்குப் பஞ்சமா?

அரிசி ஆலைக்கு நானும் மாயாண்டியும் போனோம். ஆலைக்காரர் கணக்கப்பிள்ளையிடம் பேசிக்கொண்டே கேட்டார்:

"கோழிப் பண்ணைக்கா சார், சூளைக்கா?"

"விமானத்துக்கு" என்றேன்.

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு மாயாண்டியைப் பார்த்து, "சாரு நேத்து ராத்திரி தூங்கலையா?" என்று கேட்டார்.

"சாரு எப்பவும் தூங்க மாட்டாக. எதையாவது எண்ணிக்கிட்டே கெடப்பாக" என்றான் மாயாண்டி.

மாயாண்டிக்கு முப்பத்தைந்து வயது. கல்லூரியில் உதவியாளன். படித்தது எட்டு. உலையின் கதவைத் திறக்காமலே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்வான். நான் சூத்திரம் போட்டுச் சொல்வேன். இரண்டு பேரும் சொன்னதை ஒரு நோட்டில் குறித்து வந்தேன். யார் சொன்னது அதிகம் பலித்தது என்பதை இங்கே எழுத அவசியமில்லை.

ஒரு மூட்டை உமி உள்ளே போனால் சாம்பல் பச்சையாக ஒரு கைப்பிடித் தூள் வரும். அதை வெண்மண்ணோடு பிசைந்து அழுத்தி ஓடாக்க வேண்டும்.

பெயர் போடாத பத்திரிகை

இனி கண்ணாடிப் பகுதி. ஓட்டின் முகத்தில் வெள்ளிப் பசையால் சின்னச் சின்னச் சதுரங்கள் அச்சிட வேண்டும். ஒவ்வொன்றும் மிளகு அளவு. சதுரத்துக்கும் சதுரத்துக்கும் இடையே நூலிழை அளவு இடைவெளி. வெப்பக் கேமராவுக்கு அந்த முகம் ஏறக்குறைய முழு உலோகம். ஆனால் ரேடார் அலையின் நீளம் மூன்று சென்டிமீட்டர். அதற்குத் தொட்டுக்கொள்ளாமல் நிற்கும் இந்தத் துணுக்குகள் ஒரு தடையே இல்லை. அவற்றைத் தாண்டி உள்ளே போய், உமிப் பொருளிடம் மாட்டிக்கொள்ளும்.

அச்சிட யார் இருக்கிறார்கள்? தேனியில் கல்யாணப் பத்திரிகையும் மஞ்சள் பையும் அச்சடிக்கிற சுந்தரம் இருந்தார். சட்டத்தில் துணி கட்டி, மையை வழித்து அச்சிடுவதில் அந்த வட்டாரத்தில் அவர் கை சுத்தமான கை. வளர்மதி வரைந்த படத்தை அவரிடம் நீட்டினோம்.

சுந்தரம் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அப்போதும் கட்டம்தான்.

"பொண்ணு மாப்பிள்ளை பேரு எங்க வருது?"

"பேரெல்லாம் கிடையாதுண்ணே. கட்டம் மட்டும்தான்" என்றார் வளர்மதி.

"சரி. மேல பிள்ளையார் சுழி போட்டுக்கிறேன்."

"அதும் வேண்டாம்ணே."

சுந்தரம் மை வழிக்கும் கட்டையைக் கீழே வைத்துவிட்டார். "இந்தா பாரு தாயி. சுழி போடாம என் கடையை விட்டு ஒரு தாளு வெளிய போனதில்ல. கருமாதிப் பத்திரிகைக்கு மட்டுந்தான் போட மாட்டேன். இது என்ன கருமாதியா?"

அங்கேதான் நான் முன்னால் வந்தேன். கால் மணி நேரம் பேசினேன். ஒரு கோடு கூடுதலாக விழுந்தாலும் அளவு மாறும் என்றேன். அறிவியலில் நம்பிக்கைக்கு இடமில்லை, அளவுக்குத்தான் இடம் என்றேன். முப்பத்தொரு வருடம் வகுப்பில் பேசிய குரல், கடைக்கு வெளியே வரைக்கும் கேட்டது. மஞ்சள் பை வாங்க வந்த இரண்டு பேர் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

சுந்தரம் பொறுமையாகக் கேட்டார். "வாத்தியார் சொன்னா சரிதான். ஓட்டுல போடல. சுத்திக் குடுக்கிற பேப்பருல போட்டுக்கிறேன்" என்றார். அப்படியே செய்தார். என் சொற்பொழிவின் பலனாகச் சுழி ஓட்டிலிருந்து இறங்கிச் செய்தித்தாளுக்கு வந்தது. பெரிய வெற்றி என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

டிக்

ஓடு உடைகிற சத்தம் பெரிதாக இருக்காது. மூடிய உலைக்குள்ளிருந்து, யாரோ நாக்கைத் தட்டியது போல 'டிக்' என்று ஒரு தடவை கேட்கும். அவ்வளவுதான்.

மொத்தம் பதினொன்று செய்தோம். ஆறு, மின்வெட்டில் போயின. மலையிலிருந்து குழாயில் இறங்குகிற தண்ணீரில் மின்சாரம் எடுக்கிற பள்ளத்தாக்கு எங்களுடையது. அந்த மின்சாரம் எங்கள் தலைக்கு மேலே கம்பியில் போவதை நாங்கள் அண்ணாந்து பார்ப்போம். உலை மெல்ல மெல்ல ஏறி, மெல்ல மெல்ல இறங்க வேண்டும். மின்சாரமோ 'போகிறேன்' என்றுகூடச் சொல்லாமல் போகும். டிக். கல்லூரியில் ஜெனரேட்டர் இருந்தது. அது தாளாளர் அறையின் குளிர்சாதனத்துக்கு. அவர் அறையில் இல்லாத நாளிலும் அது நாற்காலியைக் குளிர்வித்துக்கொண்டிருந்தது.

மூன்று ஓடுகள் காரணமே சொல்லாமல் உடைந்தன. ஒன்று, சுந்தரம் கடையிலிருந்து திரும்பி வருகிற பேருந்தில் போனது. இருக்கையில் பொட்டலத்தை வைத்துவிட்டு நான் சீட்டு வாங்கத் திரும்பினேன். அதற்குள் ஒருவர் அதன்மேல் ஒரு வாழைத்தாரை இறக்கிவிட்டார்.

"அதுக்கடியில ஓடு இருக்குய்யா!"

"இருந்துட்டுப் போகட்டும் சார். தாருக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் அவர், என்னைத் தேற்றுகிற குரலில்.

பத்து போக மிஞ்சியது ஒன்று. வெள்ளிப் பசை டப்பாவின் அடியில் வழித்தாலும் இன்னொரு ஓட்டுக்கு வராது. நிபுணர் வரும் தேதியும் வந்துவிட்டது. வளர்மதி அந்தப் பதினோராவது ஓட்டைப் பஞ்சில் பொதிந்து, இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்தார்.

"உங்களை நம்பித்தான் சார் குடுக்கிறேன். வெறுங்கையால ஒருத்தரும் தொடக் கூடாது. நான் உள்பட."

நான் சாவியைத் தாயத்துப் போலக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். குளிக்கும்போதும் கழற்றவில்லை.

அறுபத்து மூன்று

நிபுணர் வருவதற்கு இரண்டு நாள் முன்பு ஆயுத பூஜை. ஒருமுறை ஓட்டைச் சூடாக்கி ஒத்திகை பார்த்துவிடலாம் என்று வளர்மதி கேட்டார். அன்றைக்கு எந்த இயந்திரத்தையும் தொடக் கூடாது, மறுநாள் விஜயதசமி விடுமுறை என்று அலுவலகம் சொல்லிவிட்டது. வருடம் முழுவதும் இயந்திரங்களைத் தொடாதவர்கள் அந்த ஒரு நாளில் காட்டிய உறுதி மெச்சத் தக்கது.

மாயாண்டி ஆய்வகத்தைக் கழுவி, ஒவ்வொரு பொருளுக்கும் விபூதி குழைத்துப் பட்டை போட்டு, நடுவில் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணினேன். உலை, தராசு, நுண்ணலைக் கருவி, பதினெட்டு மின்னழுத்தமானிகள், தீயணைப்பான், சுவர்க் கடிகாரம், விளக்குமாறு. அறுபத்து இரண்டு.

"எல்லாத்துக்கும் போட்டாச்சு சார்" என்றான். பிறகு பீரோவைப் பார்த்தான். "அங்கன ஒண்ணு இருக்கே. அதுக்கு?"

"அது வேண்டாம்."

"அப்பச் சரி" என்று விபூதிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அவன் கிளம்பாமல் வற்புறுத்தியிருந்தால் நான் அரை மணி நேரம் பேசியிருப்பேன். தப்பித்திருப்போம்.

உலையில் கேட்ட ஒன்பது 'டிக்'குகளும் என் காதில் இருந்தன. அறுபத்து இரண்டுக்குப் போட்டுவிட்டு, எது உடையவே கூடாதோ அதை மட்டும் விட்டுவிட்டோமே என்று தோன்றியது. சுந்தரம் கடையில் பேசிய வாத்தியார் அந்த நேரத்தில் எங்கே போனார் என்று தெரியவில்லை.

"மாயாண்டி, இங்க வா."

சாவியைக் கழுத்திலிருந்து கழற்றினேன்.

"சார், வெறுங்கையில தொடக் கூடாதுன்னு அந்தம்மா சொன்னாகளே?"

"அவங்க சொன்னது உனக்கு. நான் சொல்றேன், போடு. லேசா ஓரத்துல."

"விபூதிக்கு ஏது சார் லேசு?" என்று மூன்று விரலையும் தோய்த்து, ஓட்டின் மேற்பகுதியில் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரைக்கும் இழுத்தான். நடுவில் ஒரு பொட்டு வைத்தான். கன்னத்தில் போட்டுக்கொண்டான். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு நானும் போட்டுக்கொண்டேன். அறுபத்து மூன்று.

விஜயதசமி அன்று தனியாக நாற்பத்து நான்கு படி ஏறி வந்து, என் வேட்டி நுனியால் ஓட்டைத் துடைத்தேன். குங்குமத்தின் சிவப்பு போய்விட்டது. வெள்ளி மேல் வெள்ளையாகப் பூசிய விபூதி போய்விட்டதா இல்லையா என்று பார்க்க அறுபத்தாறு வயதுக் கண்ணை நம்பினேன். போய்விட்டது என்றது கண்.

வளர்மதியிடம் சொல்லவில்லை.

தோசைக்கல் சோதனை

"இது சூடே ஆகலை" என்று நிபுணர் சொன்ன இடத்துக்கு வருகிறேன்.

காலையில் நுண்ணலைச் சோதனை நன்றாகவே முடிந்திருந்தது. அலையை அனுப்பினோம், ஓடு விழுங்கியது, திரும்பி வந்தது சொற்பம். நிபுணரே தலையை ஆட்டினார். மிச்சம் வெப்பம் மட்டும்.

"உங்க அளவுமானி ஓட்டோட பின்பக்கம் இருக்கு. பின்னாடி நானூத்தி எண்பது, சரி. முன்னாடியும் அதே சூடுன்னு என்ன ஆதாரம்? மண் ஓடு சூட்டைக் கடத்தாம நின்னிருக்கலாமே" என்றார் நிபுணர்.

"முன்பக்கம் அளவுமானிக் கம்பி பதிக்கணும்னா உலையை ஆற விடணும் சார். ஆறித் திரும்ப ஏற ஏழு மணி நேரமாகும்" என்றார் வளர்மதி.

நிபுணர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்நூறைத் தாண்டி ஏற்றினால் ஓடு கண்ணுக்கே செக்கச் செவேலென்று தெரியத் தொடங்கும். அப்போது சூடா இல்லையா என்ற சந்தேகம் தீர்ந்துவிடும், கூடவே மறைப்பும் தீர்ந்துவிடும். ஆகவே அதுவும் முடியாது.

மாயாண்டி தொண்டையைச் செருமினான். "ஒரு சொட்டுத் தண்ணி தெளிச்சுப் பாத்தாத் தெரிஞ்சுபோகும் சார். தோசைக்கல்லுக்கு எங்க வீட்டுல அப்படித்தான் பாப்பாக."

நிபுணரின் முகம் மலர்ந்தது. மூன்று நாடுகளில் படித்தவர். "எளிமையான சோதனை. செய்யலாமே" என்றார்.

மாயாண்டி குவளையை எடுத்துவிட்டான்.

"வேண்டாம்!"

வளர்மதி அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. ஓட்டுக்கும் குவளைக்கும் நடுவே போய் நின்றார். சேலை முதுகில் அனல் அடித்திருக்க வேண்டும்.

"ஒரு சொட்டுப் பட்டா விரிஞ்சிரும் சார். இது ஒண்ணுதான் இருக்கு. பத்து ஒடஞ்சு போச்சு."

நிபுணர் பெருமூச்சு விட்டார். கெட்ட மனிதர் அல்ல. பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். 'திருப்தி இல்லை' என்ற கட்டத்தில் பேனா நின்றது. "நான் பார்த்ததைத்தாம்மா எழுத முடியும்" என்றார். பிறகு, "ஃபைலுக்கு முழு ஓட்டையும் ஒரு படம் எடுத்துக்கிறேன்" என்று கேமராவை இரண்டடி பின்னால் நகர்த்தி, சற்று மேலே தூக்கினார்.

அதுவரை ஓட்டின் நடுப்பகுதி மட்டும்தான் திரையில் இருந்தது. இப்போது மேல்பகுதியும் வந்தது.

நீலத்துக்கு மேலே, நெற்றி இருக்கிற இடத்தில், மூன்று பட்டைகள் வெள்ளை வெளேரென்று எரிந்துகொண்டிருந்தன. நடுவில் ஒரு பொட்டு.

மாயாண்டியின் கை அவனை அறியாமல் கன்னத்துக்குப் போனது.

"வாட் இஸ் திஸ்?" என்றார் நிபுணர்.

வளர்மதி திரையைப் பார்த்தார். மாயாண்டியைப் பார்த்தார். மாயாண்டி கூரையைப் பார்த்தான். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

"நான்தான் சார்" என்றேன். "ஆயுத பூஜை."

முப்பத்தொரு வருடத்தில் நான் பேசியவற்றில் அதுதான் மிகச் சிறிய உரை.

நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். கேமராவில் இருந்த கூட்டல் குறியை ஒரு பட்டையின்மேல் கொண்டுபோய் வைத்தார். நானூற்று நாற்பத்தொன்று. ஒரு விரற்கடை கீழே நீலத்தில் வைத்தார். நூற்றுத் தொண்ணூற்றாறு. மறுபடி பட்டை. மறுபடி நீலம். ஒன்பது தடவை செய்தார். எண்ணிக்கொண்டே நின்றேன்.

"ஒரே ஓடு, ஒரே சூடு" என்றார் மெல்ல. "சாம்பல் உள்ளதைச் சொல்லுது. உங்க வெள்ளி சொல்ல மாட்டேங்குது."

வளர்மதி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன சாம்பல் இது?" என்று கேட்டார் நிபுணர், குறிப்பேட்டைத் திறந்தபடி.

"சுருளிக் கோயில்ல வாங்கினது சார். கலப்படமே இல்ல" என்றான் மாயாண்டி.

நிபுணர் அதையும் எழுதிக்கொண்டார். அறிக்கையில் அதற்கு 'ஒப்பீட்டுப் பட்டை' என்று பெயர் சூட்டினார். திட்டமிட்டு வைக்கப்பட்டது என்று சொல்லவில்லை. திட்டமிடாமல் வைக்கப்பட்டது என்றும் சொல்லவில்லை. நல்ல அறிக்கை எழுதத் தெரிந்தவர். 'திருப்தி' என்ற கட்டத்தில் கையெழுத்திட்டார். பெயரின் கடைசி எழுத்தில் மை தீர்ந்துவிட்டது. என் பேனாவைக் கொடுத்தேன். அதைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

கேமரா மூடி

தாளாளர் வந்து நிபுணரைச் சாப்பிட அழைத்துப் போனார். எட்டு வருடமாக இந்தத் திட்டத்தைத் தான் தினமும் கவனித்துவந்ததாகப் படிக்கட்டில் சொல்லிக்கொண்டே போனார். மாயாண்டி பெட்டிகளைக் கட்டக் கயிறு தேடிப் போனான்.

நானும் வளர்மதியும் நின்றோம். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"பீரோ சாவியைக் குடுங்க சார்" என்றார்.

கழற்றிக் கொடுத்தேன்.

அவர் உலையின் பக்கம் போனார். ஓடு உடையாமல் ஆற வேண்டும் என்று சூட்டைப் படிப்படியாக இறக்க வைத்தார். பிறகு ஓட்டுக்கு முன்னால் வந்து, என் பக்கம் திரும்பி, தரையில் கிடந்த ஒயரை முழங்கையில் சுற்றத் தொடங்கினார். ஜன்னல்கள் இன்னும் அடைத்தே இருந்தன. அரையிருட்டில் அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பேச்சு மட்டும் கேட்டது. குரலில் ஒன்றும் இல்லை. அளவுமானிக் கம்பியைத் திருப்பித் தர வேண்டும், மின்விசிறியைப் போட வேண்டாம், அடுத்த வாரம் ஆய்வேட்டை ஐந்து பிரதி எடுக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நிபுணரின் கேமராவை யாரும் அணைத்திருக்கவில்லை. சூடான ஓடு அவர் முதுகுக்குப் பின்னால் மறைந்ததும் அது தன் அளவைத் தானே மாற்றிக்கொண்டிருந்தது. திரையில் வளர்மதியின் முகம் இருந்தது. மஞ்சளாக, வெதுவெதுப்பாக. அதில் இரண்டு கண்களிலிருந்தும் தாடை வரைக்கும் இரண்டு நீலக் கோடுகள் இறங்கியிருந்தன. ஈரம் காய்கிற இடம் குளிரும். ஒன்பதாம் வகுப்புப் பாடம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவதாக ஒன்று இறங்கியது.

"அஞ்சு போதுமா சார், ஆறாப் போட்டுருவமா?" என்று கேட்டது குரல்.

"ஆறாவே போடுங்க மேடம்" என்றேன்.

கேமரா பெட்டிக்குள் தடவினேன். மூடி கிடைத்தது. கண்ணாடியின்மேல் பொருத்தி அழுத்தினேன்.

ஒயர் சுற்றுவது நின்றது. "ஏன் சார் மூடிட்டீக?"

"பேட்டரி வீணாப் போகுது" என்றேன்.